தாத்தாவின் பழைய வெப்ளி ரிவால்வர்: சேகரிப்பாளர் கண்ணில் என்ன மதிப்பு?

மிட்லேண்ட்ஸ்_வேலு:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்த, வெப்ளி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ரிவால்வர் ஒன்று இப்போது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு ஆயுத டீலரின் பெட்டகத்தில் இருக்கிறது. தாத்தா இறந்தபின் அவர் சொத்தைக் கவனிக்கும் எக்ஸிக்யூட்டர் ஒப்படைத்தது. விற்பதா, பெரியப்பா மகன் பெயருக்கு மாற்றுவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் அதன் மதிப்பு தெரிந்தால் நல்லது.

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். நடுவில் மடங்கித் திறக்கும் வகை, ஆறு தோட்டா. மேற்பட்டையில் ‘மார்க் 4’ என்று இருக்கிறது. பிடி கிளிமூக்காக வளைந்து, அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். பேரல் 4 அங்குலம். இடது பக்கம் சிறகு முளைத்த தோட்டா முத்திரை, கீழே ‘வெப்ளி பேட்டண்ட்ஸ்’. அங்கங்கே சின்னச் சின்ன அம்புக்குறிகள். உடம்பு முழுக்க சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். பேரல் நுனியில் இரும்புக்கு ஏற்றிய நீலப்பூச்சு தேய்ந்து வெளுத்திருக்கிறது.

பாலிஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றினால் விலை கூடும் என்கிறார் டீலர். ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போரில், ஸ்பியோன்கோப் சண்டையில் இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்த கொள்ளுத்தாத்தா கொண்டுவந்தது என்பது வீட்டுப் பேச்சு. 1900க்கு முந்தியது என்றால் லைசென்ஸே தேவையில்லை என்று இன்னொருவர் சொன்னார். இதில் எதை நம்புவது?

துருவும்_தூசியும்:

தம்பி, முதல் வேலையாக டீலரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: துடைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப வேண்டாம். பாலிஷ் சக்கரம் மூன்று இடத்தில் கெடுக்கும். கூரான விளிம்புகள் மழுங்கும், ஸ்க்ரூ துளையைச் சுற்றிக் குழி விழும், ஆழமில்லாத முத்திரைகள் கரையும். சேகரிப்பாளர் காசு கொடுப்பதே அந்த முத்திரைகளுக்கும் விளிம்புகளுக்கும்தான். நேர்மையாகத் தேய்ந்த பழுப்பு நிறம் குறையே இல்லை. புதுசாக நீலம் ஏற்றிய துப்பாக்கியை நல்ல சேகரிப்பாளர் எடுத்த எடுப்பில் கீழே வைத்துவிடுவார். பிறகு அதை வாங்குகிறவர் சும்மா அலமாரி அழகுக்கு வாங்குகிறவர்தான்.

இனி அடையாளம். பிரிட்டிஷ் படை வெப்ளியை 1887இல் ஏற்றது. அது மார்க் 1. மார்க் 2 தொண்ணூறுகளின் நடுவில் வந்தது, ஹேமரும் பிடியும் மாறின. 1897இல் மார்க் 3, அதில் சிலிண்டரைக் கழற்றும் ஏற்பாடு திருத்தப்பட்டது. மார்க் 4 வந்தது 1899. போயர் போர் தொடங்கியது அதே ஆண்டு அக்டோபர் 11 என்பதால் சேகரிப்பாளர்கள் இதற்கு ‘போயர் போர் மாடல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1913இன் மார்க் 5இல் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்துக்காகச் சிலிண்டரைச் சற்றுப் பருமனாக்கினார்கள். 1915இன் மார்க் 6இல் பேரல் 6 அங்குலம், பிடி சதுரம். மார்க் 1 முதல் 5 வரை பிடி கிளிமூக்குதான். ஆக நீங்கள் சொல்லும் பிடி, பேரல், முத்திரை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. நல்ல தொடக்கம்.

பேரலை அளக்கும்போது நுனியிலிருந்து சிலிண்டரின் முன்முகம் வரை மட்டும் அளக்க வேண்டும். சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது. 4 அங்குலம் என்றால் 102 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 6 அங்குல பேரலுள்ள மார்க் 4 வந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். முதல் உலகப்போர் சமயத்தில் பழைய மார்க்குகளுக்கு நீள பேரல் மாற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்த சிலவற்றில் மார்க் எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரம் அடித்திருக்கும். நட்சத்திரம் இல்லாமல் பேரல் மட்டும் நீளம் என்றால், தனியார் விற்பனைக்கு அப்படியே செய்ததா, பின்னாளில் யாரோ கைவைத்ததா என்று விசாரிக்க வேண்டும்.

கொள்ளுத்தாத்தா கதையைப் பற்றி: காந்தி முன்னின்று திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1100 பேர். அதில் பெரும்பகுதி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியோன்கோப்பிலும் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்தார்கள். அது ஆயுதமில்லாத படை, ரிவால்வர் வழங்கப்படவில்லை. கொள்ளுத்தாத்தா அங்கே இருந்திருக்கலாம், அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. துப்பாக்கி அந்த வழியாக வந்தது என்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

அடுத்த முறை டீலரிடம் போகும்போது இதைப் பார்த்து வாருங்கள். தொடர் எண் சட்டத்திலும் (ஃபிரேம், அதாவது துப்பாக்கியின் உடற்கூடு) பேரலிலும் சிலிண்டரிலும் ஒன்றா? அம்புக்குறி எங்கெங்கே, எந்தத் திசையில்? ஏதாவது ஓர் அம்பைச் சுற்றி வேறு எழுத்து இருக்கிறதா? சிலிண்டரின் பின்முகம் மற்ற இடங்களைப் போல மங்கியிருக்கிறதா, அல்லது கடைசல் போட்டது மாதிரி பளபளக்கிறதா?

சட்டப்புள்ளி:

‘1900க்கு முந்தியது என்றால் லைசென்ஸ் வேண்டாம்’ என்பது அரைகுறையாகக் கேட்ட பேச்சு. நம் நாட்டு 2000ஆம் ஆண்டு 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழம்பொருள் துப்பாக்கி என்பது 1900 ஜனவரி 1க்கு முன் செய்த, குழல்வாய் வழியே வெடிமருந்து இடிக்கும் வகையும் அதன் நகல்களும் மட்டும். பின்வழியே உலோகத் தோட்டா போடும் வெப்ளி 1887இல் செய்ததானாலும் அதற்குள் வராது. அமெரிக்காவில் 1898 முடியச் செய்தது எல்லாம் பழம்பொருள் கணக்கு. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே பேசுகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் நேராகக் குற்றவழக்கு.

உங்கள் எக்ஸிக்யூட்டர் டீலரிடம் வைத்தது சரியான நடை. சட்டத்தின் 147ஆம் பிரிவு இதற்குத்தான். பெரியப்பா மகன் வைத்துக்கொள்ள விரும்பினால் முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு தன் பெயரில் புது லைசென்ஸ். சேகரிப்பாக வைக்க 17ஆம் பிரிவு. அதற்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராகி, இந்தத் துப்பாக்கி சேகரிப்புக்குத் தகுந்தது என்று அவர்கள் ஒப்ப வேண்டும். வீட்டில் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) தரத்துக்கு ஏற்ற இரும்புப் பெட்டகமும் வேண்டும். இந்த வேலையெல்லாம் மெதுவாகத்தான் நகரும். வாங்குகிறவர் அந்தக் காத்திருப்பையும் மனதில் வைத்துத்தான் விலை சொல்வார். இங்கே கிடைக்கும் விலை வெளிநாட்டு விலையைவிடத் தாழ்ந்திருக்க அது ஒரு காரணம்.

செயலிழக்கச் செய்து வீட்டில் மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சட்டப்படி முடியும். ஆனால் பேரலும் சிலிண்டரும் திரும்ப வராத அளவுக்குக் கெடும், சேகரிப்பு மதிப்பு அத்தோடு போச்சு.

மிட்லேண்ட்ஸ்_வேலு:

நன்றி அண்ணே, நன்றி ஐயா. டீலரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. பார்த்து வந்தது இது:

சட்டத்திலும் பேரலிலும் ஒரே எண். சிலிண்டரில் வேறு எண். சட்டத்தில் ஓரிடத்தில் இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. இன்னோரிடத்தில் ‘யூ’ எழுத்துக்குள் ஓர் அம்பு. சிலிண்டர் பின்முகம் மற்ற இடம் போலவே மங்கல். பிடியின் தட்டுகள் கறுப்பில்லை, காப்பிப் பழுப்பு; வலது தட்டின் கீழ்மூலையில் மெல்லிய விரிசல். தோல் உறை ஒன்றும் உண்டு. வீட்டில் ஒரு தகர டப்பாவில் தோட்டா கொஞ்சம் கிடக்கிறது, அதையும் சேர்த்து விற்கலாமா?

சட்டப்புள்ளி:

அந்த டப்பாவை முதலில் கவனியுங்கள். அந்தத் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாதவர் தோட்டா வைத்திருப்பது 90ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். எக்ஸிக்யூட்டரிடம் இன்றே சொல்லுங்கள், அவர் மூலமாகவே டீலரிடம் போகட்டும். துப்பாக்கியோடு சேர்த்து டீலர் கணக்கில் விற்கலாம்.

துருவும்_தூசியும்:

வேலு, அந்த ‘யூ’ முத்திரை பெரிய சாட்சி. யூவுக்குள் அம்பு என்பது தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் உடைமை முத்திரை. யூனியன் பிறந்தது 1910 மே 31. அதாவது 1910க்குப் பிறகும் இந்தத் துப்பாக்கி அரசுக் கிடங்கில் இருந்திருக்கிறது. 1900 ஜனவரியில் ஸ்பியோன்கோப்பிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து அப்படியே தங்கியிருக்க வழியில்லை. முட்டிக்கொள்ளும் இரட்டை அம்பு அரசு தன் கையிலிருந்து கழித்துவிட்டதற்கு அடையாளம். பிரிட்டன் கழித்ததா யூனியன் கழித்ததா என்று அந்த முத்திரையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் தனியார் கைக்கு முறையாக வந்ததாகவே தோன்றுகிறது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆதாரமில்லாத ஸ்பியோன்கோப் கதைக்கு ஏலத்தில் ஒரு ராண்டும் சேராது. யூனியன் முத்திரையுள்ள மார்க் 4 என்பது இந்த நாட்டுச் சேகரிப்பாளருக்கு உண்மையான ஈர்ப்பு. விற்பனைக் குறிப்பில் அதையே முதலில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர்ப் படைப்பிரிவு முத்திரைகளைப் பின்னாளில் அடித்து விற்கிறவர்கள் உண்டு. எனவே உருப்பெருக்கிக் கண்ணாடியில் யூவைப் பாருங்கள். பழைய முத்திரை என்றால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே பழுப்பு இருக்கும், ஓரம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். புதிது என்றால் பள்ளத்தில் பளபளப்போ, இரசாயனத்தில் கறுத்த தனி நிறமோ தெரியும்; பிதுங்கிய இரும்பு எழுத்தின் ஓரத்தில் நகத்துக்குத் தட்டும்.

சிலிண்டர் எண் ஒத்துவராதது விலையைக் குறைக்கும், மறைக்கவும் கூடாது. பின்முகம் கடையப்படாதது மட்டும் நல்ல செய்தி. அமெரிக்காவுக்குப் போன பல வெப்ளிகளில் சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து, அரைவட்டக் கிளிப்பில் .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். அது சேகரிப்புக்கும் கேடு, கைக்கும் கேடு. வெப்ளிக்கே உரிய .455 தோட்டாவின் அழுத்தம் ஏறத்தாழ 13,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு); .45 ஏசிபியின் உச்ச வரம்பு 21,000. கடைந்த சிலிண்டரில் .455 தோட்டாவும் சரியாக உட்காராது, பின்னால் இடைவெளி அதிகமாகி ஊசி மெதுவாகத்தான் தட்டும்.

இனி இயக்கச் சோதனை. டீலர் கையாலேயே, அவர் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

இடது பக்கத்துக் கட்டைவிரல் நெம்பை அழுத்தித் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். திறக்கும்போது நடுவிலுள்ள நட்சத்திரத் தள்ளி சீராக மேலெழுந்து, முழுதும் திறந்ததும் ‘டக்’கென்று கீழே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே பிசுக்கு அல்லது தேய்ந்த நெம்பு. மூடியபின் பேரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீலிலோ பூட்டிலோ ஆட்டம் தெரிந்தால், வேகமாகத் தட்டித் தட்டி மூடிய பழக்கத்தால் வந்தது; சரிசெய்வது செலவு.

அடுத்து ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுத்து ஆறு அறைக்கும் பாருங்கள். ஹேமர் முழுதும் நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஓரிரண்டு அறையில் மட்டும் பிந்தினால் தள்ளியின் பல் தேய்ந்திருக்கிறது. நின்ற ஹேமரைக் கட்டைவிரலால் லேசாக முன்னே அழுத்தினால் விழக்கூடாது.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று. சும்மா இருக்கும் வெப்ளியின் சிலிண்டர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதன் அமைப்பே அப்படி. அதைப் பார்த்து ‘தேய்ந்துவிட்டது’ என்று விலை குறைப்பவர்கள் உண்டு. சரியான சோதனை, டிரிகரை முழுதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஹேமரைக் கட்டைவிரலால் இறக்கி, டிரிகரை விடாமல் சிலிண்டரைத் திருப்பிப் பார்ப்பது. அப்போதும் ஆடினால்தான் குறை. வெறும் அறையில் டிரிகரைத் தட்டிப் பார்க்கவே வேண்டாம். ஊசி ஹேமரோடு சேர்ந்த மூக்கு. உடைந்தால் அதே காலத்து உதிரிக்கு அலைய வேண்டும்.

பேரலுக்குள் விளக்கடித்தால் ஏழு வரிப்பள்ளம் தெரிய வேண்டும். பழைய கார்டைட் தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் மூடி) விட்ட உப்பால் லேசான புள்ளிக்குழி சகஜம். வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் பேரல் உள்ளே புடைத்திருக்கிறது. தோட்டா சிக்கியிருக்க அடுத்ததைச் சுட்டதன் விளைவு. அது விலையில் பெரிய வெட்டு. சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே தகட்டு அளவி வைத்து 0.010 அங்குலத்துக்கு மேல் போனால் எழுதி வையுங்கள்.

பழைய_பித்தளை:

துருவும்_தூசியும் சொன்னதில் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. படைக் கிடங்கில் பழுதுபார்க்கும்போது சிலிண்டர் மாறுவது வழக்கம்தான். மார்க் 4க்கே உரிய சிலிண்டர், அதில் படையின் சோதனை முத்திரை இருக்கிறது, தேய்மானமும் நிறமும் சட்டத்தோடு ஒத்திருக்கிறது என்றால் அது சேவைக்காலத்து மாற்றம். அதையும் தனியார் பட்டறையில் கிடைத்ததை மாட்டியதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. படை சோதனை முத்திரை என்பது கிரீடம், அடியில் ஓர் எழுத்தோ எண்ணோ; சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.

பிடித்தட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. அது வல்கனைட், கெட்டி ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுப்பு காப்பிப் பழுப்பாகும். அந்த நிறம் போலி செய்வது கடினம் என்பதால் அதுவே அசலுக்கு நல்ல சாட்சி. எண்ணெய் பூசிக் கறுப்பாக்க வேண்டாம், வெந்நீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கீழ்மூலை விரிசல் ஸ்க்ரூவை இறுக்கினால் ஓடிவிடும். புதுத் தட்டு மாட்டாதீர்கள்; விரிசலுள்ள அசல் தட்டே மேல்.

தோட்டா: துலக்க வேண்டாம். அடியில் ‘கே’ எழுத்து இருந்தால் கைனாக் என்ற பிரிட்டிஷ் கம்பெனி செய்தது. ஈயக்குண்டா, மேலே நிக்கல் அல்லது செம்பு உறையிட்ட குண்டா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உறையிட்ட மார்க் 6 தோட்டா 1939இல் வந்தது. அப்படியானால் அது துப்பாக்கியைவிட நாற்பது ஆண்டு இளையது. ‘அந்தக் காலத்துச் செட்’ என்று எழுதாதீர்கள்.

துருவும்_தூசியும்:

சோதனை முத்திரை இருந்தால் நீங்கள் சொல்வது நியாயம். எண்களைப் பார்த்தவுடனே விலை குறைத்துப் பேசும் வாங்குபவர்கள்தான் அதிகம் என்பதால் சொன்னேன். வேலு அந்தச் சிலிண்டரைக் கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதட்டும்.

கடற்கரை_வாசி:

தோல் உறை பற்றி. துப்பாக்கியை அதற்குள் வைக்காதீர்கள், டீலர் வைத்திருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து உறை தொடும் இடமெல்லாம் புள்ளித்துரு பிடிக்கும். டர்பன் பக்கத்து உப்புக்காற்றில் வேகமாகவே நடக்கும். உறையைத் தனியாக, அமிலமில்லாத தாளைக் கசக்கி உள்ளே அடைத்து வையுங்கள். பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் உலர்வாகச் சுரண்டினால் போதும்.

இரும்புக்கு: பருத்திக் கையுறை, மெல்லிய துணியில் இரண்டு துளி லேசான எண்ணெய், பிறகு மெழுகு. பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை. நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். இரும்புப் பஞ்சு, உப்புத்தாள், துருநீக்கி எதுவும் ஆகாது. செந்துரு வேறு, பழுப்புப் படிவு வேறு. விரலில் சிவப்பாக ஒட்டுவது மட்டும்தான் இன்னும் தின்றுகொண்டிருப்பது. அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்துத் துணியால் தேய்த்து எடுங்கள்.

மிட்லேண்ட்ஸ்_வேலு:

சிலிண்டரைப் பார்த்தோம். கிரீடமும் அடியில் ஓர் எண்ணும் தெரிகிறது, நிறமும் சட்டத்தைப் போலவே. உறையிலிருந்தும் எடுத்தாயிற்று. விலையை எப்படிக் கணிப்பது? வெளிநாட்டில் விற்க முடியுமா?

பழைய_பித்தளை:

அப்படியானால் சேவைக்காலச் சிலிண்டர் என்று எழுதலாம்; எண் வேறு என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பவர் என்ன வேண்டுமானாலும் கேட்பார். உள்நாட்டு ஏலங்களில் உண்மையில் விற்றுப்போன விலையைத் தேடுங்கள், அதுவும் மார்க் 4ஐ மட்டும். மார்க் 6 எண்ணிக்கையில் அதிகம் செய்தது, அதன் விலையை இதற்கு வைக்க முடியாது. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் ஒரு கமிஷனும் விற்பவரிடம் ஒரு கமிஷனும் எடுக்கும். பட்டியலில் உள்ள தொகை எதைச் சேர்த்தது என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். வாங்க விரும்பும் டீலரே மதிப்பும் போடுவது சரிவராது. சேகரிப்பாளர் சங்கத்தில் தனியாகக் கேளுங்கள்.

படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், முத்திரைகள் எழுந்து தெரியும். இரு பக்கம், மேற்பட்டை, மூன்று எண்கள், யூ முத்திரை, இரட்டை அம்பு, சிலிண்டர் முன்பின் முகம், பேரல் வாய், பிடி விரிசல். விரிசலை ஒளிக்காதீர்கள். தாத்தாவின் பழைய லைசென்ஸ் தாள், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாங்கியது கிடைத்தால், அதையும் கோப்பில் வையுங்கள். துப்பாக்கி உங்கள் குடும்பத்தில் எப்போதிருந்து என்று காட்டும் ஒரே தாள் அதுவாக இருக்கலாம்.

சட்டப்புள்ளி:

வெளிநாட்டுக்கு அனுப்பப் போலீஸின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். அதோடு 1999ஆம் ஆண்டு 25ஆம் எண் பாரம்பரிய வளச் சட்டத்தில் படைத்துறைப் பொருள்களும் வருகின்றன. இதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று பாரம்பரிய வள அமைப்பிடம் எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் நாட்டின் இறக்குமதி விதி வேறு. ஒரே ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவும் கட்டுப்படியாகாது. யூனியன் முத்திரைக்கு அதிக ஆசைப்படுகிறவர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள்.

செட்டுக்கு அழகாக இருக்கும் என்று யாராவது ஸ்பியோன்கோப் மலையில் பொறுக்கிய குண்டோ பொத்தானோ கொடுத்தால் வாங்கிச் சேர்க்காதீர்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட போர்க்களப் பொருளை அனுமதியின்றி எடுப்பது அதே சட்டத்தில் குற்றம்.